படத்தில் பட்டை விழுகிறதா? பிரஸ்ஸுக்கு அனுப்பும் முன் எங்கே தேடுவது

மாலை வானம், ஸ்டுடியோ பின்னணி, மண்டபச் சுவரில் விழும் விளக்கு வெளிச்சம். நிறம் மெல்ல மெல்ல மாறவேண்டிய இதுபோன்ற இடங்களில் மாடிப்படி வைத்த மாதிரி பட்டை பட்டையாகத் தெரிந்தால் அது போஸ்டரைசேஷன். நம் டி.டி.பி. ஆட்கள் பேண்டிங் என்றே சொல்கிறார்கள். இரண்டும் ஒரே வியாதிதான்.

பார்த்தவுடன் கை, படத்தை மங்கலாக்கும் காஷியன் ப்ளருக்குப் போகும். போகவேண்டாம். படத்தில் இருக்கும் கொஞ்சநஞ்ச கிரெய்னையும் (மணல் தூவினாற்போன்ற நுண்புள்ளிகள்) ப்ளர் வழித்துவிடும். பல சமயம் அந்தக் கிரெய்ன்தான் பட்டையை மறைத்துக்கொண்டிருந்திருக்கும். பட்டை எங்கே உண்டானது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை: திரையிலா, எடிட்டிலா, நிறமாற்றத்திலா, பி.டி.எஃப்பிலா, அச்சுப் பிளேட்டிலா? ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

முதலில்: பட்டை ஃபைலில் இருக்கிறதா, திரையிலா?

ஃபோட்டோஷாப்பில் 50 சதவீத ஜூமில் வானத்தைப் பார்த்துவிட்டு யாரும் பதறவேண்டாம். 66.67 சதவீதமும் அதற்குக் கீழும் வைத்துப் பார்க்கும்போது, லேயர்கள் உள்ள ஃபைலில் வேகத்துக்காக ஒரு தோராயமான கணக்கைத்தான் அது காட்டுகிறது. அதில் இல்லாத பட்டைகள் எழும்பும். 100 சதவீதத்துக்குப் போங்கள். பட்டை மறைந்தால் ஃபைலில் ஒன்றும் இல்லை.

100-லும் தெரிகிறது என்றால் எண்ணைப் பாருங்கள். ஐடிராப்பரின் சாம்பிள் சைஸை பாயின்ட் சாம்பிளில் வையுங்கள், இன்ஃபோ பேனலைத் திறங்கள், பட்டையின் குறுக்கே மெதுவாக நகர்த்துங்கள். எண் 181, 182, 183 என்று ஒவ்வொன்றாக ஏறினால் ஃபைல் நல்ல ஃபைல். மானிட்டர்தான் தடுமாறுகிறது. விலை குறைந்த மானிட்டர்களில் பல 6 பிட் பேனல் கொண்டவை (பிட் குறைந்தால் நிறப் படிகளும் குறையும்). இடைப்பட்ட நிறங்களை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டிச் சமாளிக்கின்றன. காலிபரேஷன் செய்த மானிட்டரிலும் கிராபிக்ஸ் கார்டு 8 பிட்டில் திருத்தம் போடுவதால் சாம்பல் நிறத்தில் லேசான படிகள் வரும். எண் 181-லிருந்து 185, அங்கிருந்து 189 என்று தாவினால் குற்றம் ஃபைலில்தான். தொடர்ந்து படியுங்கள்.

வானத்தில் அகலமான பட்டை, ஹிஸ்டோகிராமில் இடைவெளிகள்

அதிகம் வருவது இதுதான், இதற்குக் கொஞ்சம் கணக்கு தேவை.

8 பிட் படத்தில் ஒரு சேனலுக்கு (சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் ஒரு சேனல்) 256 படிகள். 12×36 இன்ச் ஆல்பம் ஷீட்டை எடுத்துக்கொள்ளுங்கள், 300 பி.பி.ஐ.யில் (ஒரு இன்ச்சுக்கு 300 பிக்சல்) அது 10800×3600 பிக்சல். மேல்பாதி முழுக்க வானம், அதாவது உயரத்தில் 1800 பிக்சல். அந்த வானத்தின் நீல சேனல் 150-லிருந்து 190 வரை போகிறது. 1800 பிக்சலுக்கு 40 படிதான் இருக்கிறது, ஒரு படிக்கு 45 பிக்சல். தாளில் அது ஏறத்தாழ 3.8 மில்லிமீட்டர். ஒரு படிக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் 1 மட்டுமே என்பதால் கண்ணுக்குத் தெரியாது. இப்போது வானம் 'பஞ்ச்'சாக இல்லை என்று கர்வ்ஸில் இழுத்து அந்த 40 எண்ணை 120 எண் அகலத்துக்குப் பரப்புகிறீர்கள். புதுப் படி எதுவும் உண்டாகவில்லை. அதே 40 படி, ஒவ்வொன்றும் 3 எண் தாவுகிறது, பட்டை அகலம் அதே 3.8 மில்லிமீட்டர். ஆல்பத்தைக் கையில் வைத்துப் புரட்டும் தூரத்தில் அது நன்றாகவே தெரியும்.

ஹிஸ்டோகிராமைத் (எந்த எண்ணில் எத்தனை பிக்சல் என்று காட்டும் வரைபடம்) திறந்தால் குச்சி, இடைவெளி, குச்சி, இடைவெளி என்று நிற்கும். பேனலின் மூலையில் சின்ன முக்கோண எச்சரிக்கை இருந்தால் அதை ஒருமுறை கிளிக் செய்துவிட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பழைய கணக்கைக் காட்டும்.

ரா ஃபைல் (கேமரா பதிந்த, பதப்படுத்தாத மூல ஃபைல்) இருந்தால் வேறு எதையும் யோசிக்காதீர்கள், அங்கே திரும்பிப் போங்கள். 12 பிட் ராவில் 4096 படி, 14 பிட்டில் 16384. கேமரா ராவின் அடியில் நிறவெளியும் (ஃபைலில் அடங்கும் நிறங்களின் எல்லை) பிட் எண்ணும் எழுதிய வரி இருக்கும். அதைக் கிளிக் செய்து 16 பிட் ஆக்குங்கள். லைட்ரூமிலிருந்து வருகிறவர்கள் எக்ஸ்டர்னல் எடிட்டிங் அமைப்பில் டிஃப், 16 பிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கான்ட்ராஸ்ட், வெளிச்சம், வானத்தை இழுப்பது ஆகிய பெரிய வேலைகளை ராவிலேயே முடித்துவிட்டால் ஃபோட்டோஷாப்புக்கு மிச்சம் ரீடச்தான். ஒரு எச்சரிக்கை: புரோஃபோட்டோ ஆர்.ஜி.பி. நிறவெளி வைத்திருப்பவர்கள் அதை 8 பிட்டில் ஒருபோதும் திறக்காதீர்கள். அவ்வளவு அகலமான நிறவெளியை 256 படியில் பிரித்தால் ஒவ்வொரு படியும் பெரிதாகிவிடும்.

ரா இல்லை, வாடிக்கையாளர் கொடுத்தது ஜேபெக் மட்டும். அப்போதும் இமேஜ், மோட் போய் 16 பிட் ஆக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். "ஜேபெக்கே 8 பிட், அதை 16 ஆக்கி என்ன பிரயோஜனம்?" என்று கேட்பார்கள். போன படி திரும்பி வராது, அது சரி. ஆனால் இனி நீங்கள் போடும் ஒவ்வொரு அட்ஜஸ்ட்மென்ட் லேயரும் 256-க்குள் ரவுண்ட் ஆகி மேலும் படிகளைத் தின்பது நிற்கும். ப்ளரோ கிரெய்னோ போட்டாலும் இடைப்பட்ட எண்கள் உட்கார இடம் கிடைக்கும்.

ஏற்கெனவே பட்டை விழுந்துவிட்ட ஜேபெக் வானத்துக்கு நான் பரிந்துரைப்பது சர்ஃபேஸ் ப்ளர். லேயரை டூப்ளிகேட் செய்து, ரேடியஸைப் பட்டையின் அகலத்துக்குக் கிட்டே வையுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் 45. த்ரெஷோல்டைத் தாவலைவிடச் சற்று அதிகமாக, 5 அல்லது 6 வையுங்கள். தாவல் 3 என்பதால் பட்டை கரையும். தென்னங்கீற்றுக்கும் வானத்துக்கும் உள்ள வித்தியாசம் அதைவிட எவ்வளவோ பெரிது என்பதால் கீற்றின் ஓரம் அப்படியே நிற்கும். காஷியனில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. கூந்தல் நிறம் வானத்தில் கசிந்து தலையைச் சுற்றி அழுக்கு வட்டம் விழும். மாஸ்க் போட்டு வானத்துக்கு மட்டும் காட்டுங்கள். மேலே கிரெய்ன், அது கடைசியில் வருகிறது.

மேகமே இல்லாத வெறும் வானம் என்றால் இந்தப் பாடெல்லாம் வேண்டாம். மேலே ஒரு நிறம், அடியில் ஒரு நிறம் எடுத்து, 16 பிட்டில் கிரேடியன்ட் டூலில் டிதர் (படியின் ஓரத்தைப் புள்ளிகளாகக் கலைக்கும் வசதி) டிக் போட்டு, புது வானம் வரைந்துவிடுங்கள். சீக்கிரம் முடியும், சுத்தமாகவும் இருக்கும்.

கறுப்புக் கோட்டிலும் கூந்தலிலும் ஊதா, பச்சைத் திட்டுகள்

இருட்டாக எடுத்த படத்தைத் தூக்கியிருக்கிறார்கள். ஜேபெக்கில் 0 முதல் 15 வரை 16 படிதான் இருக்கிறது. ஷேடோ ஸ்லைடரை இழுத்து அதை 60 வரை கொண்டுபோனால் ஒவ்வொரு படியும் 4 எண் தாவும். மூன்று சேனலும் ஒரே இடத்தில் தாவாததால் கறுப்பு கறுப்பாக இல்லாமல் நிறம் பூத்துவிடும்.

ரா இருந்தால் மறுபடி எடுங்கள். இல்லையென்றால் தூக்கியதைப் பாதி இறக்குங்கள். கோட்டின் தையல் தெரியவேண்டும் என்று எந்த மாப்பிள்ளையும் கேட்டதில்லை. ஹ்யூ சாச்சுரேஷன் லேயரில் சாச்சுரேஷனைக் குறைத்து, பிளெண்ட் இஃப் கொண்டு இருட்டுப் பகுதிக்கு மட்டும் காட்டினால் நிறத் திட்டு அடங்கும். மிச்சம் இருப்பது வெறும் சாம்பல் படி. அதைக் கிரெய்ன் பார்த்துக்கொள்ளும்.

பட்டுப்புடவையில் மடிப்பு காணோம், ஒரே நிறமாக அப்பியிருக்கிறது

இங்கே பட்டை தெரியாது. அதனாலேயே பலர் இதைப் போஸ்டரைசேஷன் என்று அடையாளம் காண்பதில்லை. ராணி பிங்க் முந்தானையில் ஐடிராப்பரை ஓட்டுங்கள். சிவப்பு 255, 255, 255. மடிப்பின் மேலும் 255, பள்ளத்திலும் 255. பச்சை மட்டும் 20-க்கும் 70-க்கும் நடுவே அசைகிறது. சிவப்பு சேனல் முட்டி நின்றுவிட்டது, மடிப்பின் உயிர் இப்போது பச்சையில்தான் இருக்கிறது.

கேமராவில் விவிட் ஸ்டைல், அதன்மேல் எடிட்டில் சாச்சுரேஷன், அதன்மேல் எஸ்.ஆர்.ஜி.பி. என்ற குறுகிய நிறவெளிக்கு மாற்றம் என்று மூன்று இடத்திலும் தள்ளப்படுவதால் இப்படி ஆகிறது. மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. புரோஃபோட்டோவிலோ அடோபி ஆர்.ஜி.பி.யிலோ இருக்கும் அடர்ந்த நிறங்கள் எஸ்.ஆர்.ஜி.பி.க்குள் வராவிட்டால் விளிம்பில் வெட்டப்படும். அங்கே இன்டென்ட்டைப் (எல்லை மீறிய நிறத்தை எப்படி உள்ளே கொண்டுவருவது என்ற அமைப்பு) பெர்செப்சுவல் என்று வைத்தாலும் பலன் இல்லை. வழக்கமாக நாம் பயன்படுத்தும் எஸ்.ஆர்.ஜி.பி. புரொஃபைலில் அதற்கான அட்டவணையே கிடையாது, எல்லை மீறியதை வெட்டும் ரிலேட்டிவ் மாதிரியே நடந்துகொள்ளும். மாற்றுவதற்கு முன் அந்த ஒரு நிறத்தின் சாச்சுரேஷனைக் கையால் இறக்குவதுதான் வழி. புடவை மொத்தமும் மங்கிவிடுமே என்ற பயம் வேண்டாம். மடிப்பு தெரிகிற சற்று மங்கலான பிங்க், மடிப்பே இல்லாத பளீர் பிங்க்கைவிடத் தாளில் அடர்த்தியாகத் தெரியும்.

ஆஃப்செட்டுக்குப் போவதானால் நிலைமை வேறு. சி.எம்.ஒய்.கே. (நான்கு அச்சு மை) புரொஃபைல்களில் பெர்செப்சுவல் உண்மையாகவே வேலை செய்யும்: வெளியே நிற்கும் நிறங்களை வெட்டாமல், எல்லாவற்றையும் சேர்த்து உள்ளே நெருக்கும். ரிலேட்டிவ், பெர்செப்சுவல் இரண்டையும் சாஃப்ட் புரூஃபில் (அச்சில் வரப்போவதைத் திரையில் காட்டும் முன்னோட்டம்) மாற்றிப் பாருங்கள். கன்ட்ரோல் ஒய் புரூஃப், ஷிஃப்ட் கன்ட்ரோல் ஒய் எல்லை மீறிய நிறம். கிளிப்பச்சை, மயில்கழுத்து நீலம், ஊதா மூன்றும்தான் அதிகம் மாட்டும். முகம் பெரிதாக இருக்கும் படத்துக்கு ரிலேட்டிவ், புடவைதான் படம் என்றால் பெர்செப்சுவல் என்பது என் வழக்கம்.

ராவும் இல்லை, மடிப்பும் போய்விட்டது என்றால் பச்சை சேனலிலிருந்து திருடலாம். லேயரை டூப்ளிகேட் செய்து, இமேஜ், அப்ளை இமேஜ் போய், சேனலில் கிரீன், பிளெண்டிங்கில் நார்மல் தேர்ந்தெடுங்கள். லேயர் கறுப்பு வெள்ளை ஆகும். பிளெண்ட் மோடை லுமினாசிட்டி ஆக்கி, ஒபாசிட்டியை 20 முதல் 30-க்குள் வைத்து, மாஸ்க்கில் புடவைக்கு மட்டும் காட்டுங்கள். புடவை ஒரு படி இருட்டாகும், மடிப்புகள் எழுந்து வரும். ஜரிகையைத் தொடவேண்டாம், மாஸ்க்கில் விட்டுவிடுங்கள். அதன் மினுக்கம் இதில் செத்துவிடும்.

ரிசப்ஷன் மேடையின் எல்.இ.டி. விளக்கில் முகங்கள் நீலமாகவோ ஊதாவாகவோ அப்பிக்கிடப்பதும் இதே கதைதான், இந்த முறை முட்டி நிற்பது நீல சேனல். ரா இருந்தால் கேமரா புரொஃபைலை நியூட்ரல் ஆக்கி, காலிபரேஷன் பகுதியில் புளூ பிரைமரியின் சாச்சுரேஷனைக் கீழே இழுங்கள். முகத்தில் கன்னமும் மூக்கும் மறுபடி உருண்டு வரும். ஜேபெக் மட்டும்தான் என்றால் கறுப்பு வெள்ளையாக்கி ஆல்பத்தில் வையுங்கள். அதற்குமேல் உழைப்பது வீண்.

பட்டையோடு சின்னச் சின்னச் சதுரங்கள்

ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. அதிகம் சுருக்கினால் அந்தக் கட்டங்களே தெரியும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் பெரும்பாலும் இந்த ரகம். சரிசெய்ய உட்காராதீர்கள், மூல ஃபைலை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது டிரைவில் ஏற்றச் சொல்லுங்கள். கிடைக்கவே கிடைக்காத தாத்தாவின் ஒரே படம் என்றால் மட்டும், 16 பிட்டில் சர்ஃபேஸ் ப்ளரும் கிரெய்னும் போட்டு, தாளில் சின்னதாக வையுங்கள்.

ஃபோட்டோ சுத்தம், பின்னணி கிரேடியன்ட்டில் மட்டும் பட்டை

காலண்டர், டைரி அட்டை, அழைப்பிதழ். கோரல்டிராவிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ போட்ட கிரேடியன்ட். இதைக் கணக்கிலேயே முன்கூட்டிப் பிடித்துவிடலாம்: 256-ஐ நிறமாற்றத்தின் சதவீதத்தால் பெருக்கினால் கிடைக்கும் படிகளின் எண்ணிக்கை. 15×20 இன்ச் காலண்டரில் மேலிருந்து கீழாக சையான் 20-லிருந்து 50 சதவீதம் போகிறது. மாற்றம் 30 சதவீதம், படிகள் 77. 508 மில்லிமீட்டர் உயரத்தை 77-ஆல் வகுத்தால் ஒரு பட்டை 6.6 மில்லிமீட்டர். சுவரில் மாட்டி வருஷம் முழுக்கப் பார்க்கிற பொருளில் இது கண்ணை உறுத்தும்.

நீளத்தைக் குறைக்கலாம், அல்லது மாற்றத்தைக் கூட்டலாம். சையானோடு கொஞ்சம் மெஜந்தாவும் சேர்ந்து மாறினால் இரண்டின் படிகளும் வெவ்வேறு இடத்தில் விழுந்து ஒன்றையொன்று மறைக்கும். எனக்குப் பிடித்தது அந்தக் கிரேடியன்ட்டை மட்டும் ஃபோட்டோஷாப்பில் 16 பிட்டில் வரைந்து, கிரெய்ன் போட்டு, 300 பி.பி.ஐ. டிஃப்பாக அடியில் வைப்பது. கோரலிலேயே முடிக்கவேண்டும் என்றால் கன்வெர்ட் டு பிட்மேப் செய்து ஆட் நாய்ஸ் போடலாம். எழுத்தையும் லோகோவையும் மட்டும் வெக்டராகவே விட்டுவிடுங்கள்.

டிஃப்பில் இல்லை, பி.டி.எஃப்பில் வந்துவிட்டது

எக்ஸ்போர்ட்டில் கம்ப்ரெஷன் பகுதியைப் பாருங்கள். ஜேபெக், மீடியம் என்று இருந்தால் குற்றவாளி அதுதான். ஜிப் ஆக்குங்கள், ஃபைல் பெரிதாகட்டும். நிழல், க்ளோ முதலிய டிரான்ஸ்பரன்சி உள்ள இடத்தில் மட்டும் பட்டை என்றால், இன்டிசைனில் டிரான்ஸ்பரன்சி பிளெண்ட் ஸ்பேஸ் சி.எம்.ஒய்.கே.யில் இருக்கிறதா என்று பாருங்கள். பி.டி.எஃப்/எக்ஸ்-1ஏ எல்லா டிரான்ஸ்பரன்சியையும் தட்டையாக்கிவிடும். பிரஸ் ஏற்றுக்கொண்டால், தட்டையாக்காத எக்ஸ்-4 கொடுங்கள்.

ஃபைல் சுத்தம், தாளில் மட்டும் தெரிகிறது

கோட்டின் வடிவத்தைப் பாருங்கள். போஸ்டரைசேஷன் படத்தின் வடிவத்தைப் பின்தொடரும்: சூரியனைச் சுற்றி வளையமாக, கன்னத்தின் வளைவோடு வளைந்து. முகம், எழுத்து, வானம் எதையும் பார்க்காமல் நேர்க்கோடாகச் சம இடைவெளியில் ஓடினால் அது பிரிண்டர் கோளாறு. ஃப்ளெக்ஸ் மெஷினில் நாஸில் அடைப்பு, மீடியா நகரும் அளவு தப்பு. ஃபைலைத் திருத்தி அதைச் சரிசெய்ய முடியாது. ஆபீஸ் லேசர் பிரிண்டரில் எடுத்த புரூஃபை வைத்தும் தீர்ப்பு சொல்லாதீர்கள், அதற்கே சொந்தப் பட்டை உண்டு.

சி.டி.பி. (கணினியிலிருந்து நேரே பதியும்) பிளேட்டில் உள்ள கணக்கு இது: மெஷினின் டி.பி.ஐ.யை (ஒரு இன்ச்சில் மெஷின் போடும் நுண்புள்ளிகள்) ஸ்கிரீனின் எல்.பி.ஐ.யால் (ஒரு இன்ச்சில் வரும் அச்சுப்புள்ளி வரிசைகள்) வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, 1 கூட்டுங்கள். 2400-ஐ 150-ஆல் வகுத்தால் 16, பெருக்கினால் 256, ஆக 257 சாயல். போதும். அதே மெஷினில் 200 எல்.பி.ஐ. கேட்டால் 145 சாயல்தான். 1200 டி.பி.ஐ.யில் 150 எல்.பி.ஐ. என்றால் வெறும் 65. இன்றைய ரிப்கள் (பக்கத்தை அச்சுப்புள்ளிகளாக மாற்றும் மென்பொருள்) பல கட்டங்களைச் சேர்த்துக் கணக்குப் போட்டு இந்த வரம்பைத் தாண்டிவிடுகின்றன. ஆனாலும் பழைய செட்டப் உள்ள இடத்தில் "ஸ்கிரீன் எவ்வளவு வைக்கிறீர்கள்?" என்று கேட்டுவிடுவது நல்லது. சிவகாசிக்குக் காலண்டர் அனுப்புகிறவர்கள் கூடவே அவர்களுடைய ஐ.சி.சி. புரொஃபைலையும் (அவர்களது அச்சில் நிறம் எப்படி வரும் என்ற விவர ஃபைல்) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வெள்ளையில் கரையும் விக்னெட் ஓரத்தில் மட்டும் வெட்டினாற்போல் ஒரு கோடு தெரிந்தால் அது வேறு. 2, 3 சதவீதப் புள்ளிகள் பிளேட்டிலோ தாளிலோ நிற்காமல் விழுந்திருக்கும். பூஜ்யத்துக்குக் கரைக்காமல் 3, 4 சதவீதத்தில் நிறுத்தி, அந்த லேசான சாயலைப் பக்கம் முழுக்க ஓடவிடுங்கள்.

கிரெய்ன்: எவ்வளவு, எப்போது

வேறு எதுவும் கைகொடுக்காத இடத்தில் கிரெய்ன் கைகொடுக்கும். போன படியை இது மீட்காது. படியின் ஓரத்தைக் கலைத்துவிடும், கண் ஓரத்தைத்தான் தேடுகிறது. புது லேயர், மோட் ஓவர்லே, 50 சதவீத சாம்பல் நிரப்பும் டிக். அதன்மேல் ஃபில்டர், ஆட் நாய்ஸ், காஷியன், மோனோக்ரோமேட்டிக். 1 சதவீதத்தில் தொடங்குங்கள், 2-க்கு மேல் அரிதாகத்தான் தேவைப்படும். தனி லேயர் என்பதால் முகத்தின் மேல் மாஸ்க் போட்டு விலக்கிக்கொள்ளலாம்.

அச்சளவுக்கு ரீசைஸ் செய்து, ஷார்ப்பன் முடித்து, அதற்குப் பிறகுதான் இதைப் போடவேண்டும். முன்பே போட்டால் ரீசைஸ் அதைச் சராசரி ஆக்கி அழித்துவிடும், ஷார்ப்பன் அதை மணல் ஆக்கிவிடும். சி.எம்.ஒய்.கே. மாற்றத்தையும் 16 பிட்டிலேயே செய்துவிட்டு, எல்லாம் முடிந்து ஃப்ளாட்டன் செய்தபின் 8 பிட் ஆக்குங்கள். 8 பிட்டிலேயே மாற்றியாகவேண்டிய கட்டாயம் என்றால் கலர் செட்டிங்ஸில் யூஸ் டிதர் டிக் விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆஃப்செட்டுக்கும் ஆல்பம் அச்சிடும் லேப்புக்கும் கிரெய்ன் அளவு ஒன்றல்ல. 300 பி.பி.ஐ. படம் 150 எல்.பி.ஐ. ஸ்கிரீனில் போகும்போது நான்கு பிக்சல் சேர்ந்து ஒரு புள்ளி ஆகிறது, கிரெய்ன் பாதியாகக் குறைகிறது. திரையில் சற்றுத் தூக்கலாகத் தெரிந்தால்தான் தாளில் சரியாக வரும். ஆல்பம் லேப்பின் ஃபோட்டோ பேப்பரில் புள்ளியே கிடையாது. திரையில் 100 சதவீதத்தில் எப்படியோ கிட்டத்தட்ட அப்படியே வரும், கை அடக்கம் வேண்டும். லேப் கேட்பது எஸ்.ஆர்.ஜி.பி. ஜேபெக் என்றால் குவாலிட்டி 12 வையுங்கள். 8, 9 வைத்தால் வானத்தில் நீங்கள் போட்ட மெல்லிய கிரெய்னைத்தான் ஜேபெக் முதலில் துடைக்கும், பட்டை மறுபடி எட்டிப்பார்க்கும். சேமித்த ஜேபெக்கைத் திரும்பத் திறந்து, வானத்தில் 100 சதவீதத்தில் கிரெய்ன் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.